தபோக்கின் முப்பத்தொரு புள்ளிகள்

கவாயனான் கிராமம்,
இலோய்லோ.
நவம்பர் 24, ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட என் மூத்த சகோதரி மனாங் மினா அவர்களுக்கு,

உங்கள் தம்பி அன்செல்மோ உங்கள் வலக்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரி மிந்தாவும் கோழிகளில் ஏழும் உயிரோடு இருக்கிறோம். பாக்கோலோடில் நீங்களும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வலது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுமென்று இன்று காலை பூசையில் தனித்தனியாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன். முழங்காலையும் சேர்த்துத்தான்.

கைபேசிக் கோபுரம் புயலில் சாய்ந்து மரவள்ளித் தோட்டத்தில் படுத்திருக்கிறது. அதனால்தான் முப்பது வருடங்களுக்குப் பிறகு உங்களுக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். படகில் சீட்டுக் கிழிக்கும் பெண் இதை உங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கூட வரும் கருவாட்டுப் பொட்டலத்தில் பாதி அவளுக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் அத்தை மகன் தோதோங் போன வாரம் பாக்கோலோடு வந்தபோது, "செல்மோ ஒரே விரலால நம்ம கிராமத்தையே அழிச்சுட்டான்" என்று உங்களிடம் சொன்னதாகவும், நீங்கள் அழுதுகொண்டே மெழுகுவர்த்தி ஏற்றியதாகவும் அந்தப் படகுப் பெண் மூலம் தெரிந்துகொண்டேன். மனாங், தோதோங் எப்போதும் மிகைப்படுத்திப் பேசுகிறவன். ஒரு விரல் இல்லை, இரண்டு விரல். அதுவும் திங்கள் காலை பத்து மணிக்கு அழித்தது பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பதினாறு வருடமாக நான் கிராமச் செயலாளராக இருப்பது உங்களுக்குத் தெரியும். கிராம மன்றச் சுவரில் நான் வண்ணப் பென்சிலால் வரைந்த படம் ஒன்று உண்டு, அதில் ஒவ்வொரு வீடும் ஒரு குண்டூசி. நம் தலைவர் கேப்டன் ஒனோரியோவிடம் ஒரு பட்டியல், சுகாதார நிலையத்தில் ஒரு பட்டியல், பள்ளியில் ஒரு பட்டியல், எந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, யாருக்கும் அதில் வருத்தமும் கிடையாது. இப்படி நிம்மதியாக இருந்த காலத்தில்தான் நகராட்சிப் பேரிடர் அலுவலகத்திலிருந்து இஞ்சினியர் பெர்லிதா ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்காரர், கைப்பையில் எப்போதும் அவித்த வேர்க்கடலை, பேச்சு தையல் இயந்திரம் மாதிரி. உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

"செக்ரெட்டரி, நல்லா கேட்டுக்கங்க. இது வரைபட மென்பொருள். இலவசம்தான். உலகத்துல நிறைய பேரு சேர்ந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கலாம்னு திறந்து வெச்சிருக்காங்க. ஆனா இது படத்தைக் காட்டும், அவ்வளவுதான். வீடுங்க எல்லாம் எங்க ஆபீஸ்ல இருக்கிற தரவுத்தளத்துல இருக்கும். ரெண்டையும் கோத்துவிடுறதுக்கு ஒரு செருகுநிரல் இருக்கு. அதைப் போட்டுட்டா நீங்க இங்க ஒரு வீடு வெச்சா அங்க விழும், அங்க நான் மாத்தினா இங்க தெரியும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது இஞ்சினியர்" என்றேன். இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளப் போகும் முதல் பொய் அது.

"இனிமே புயல் வந்தா எந்த லாரி எந்த ரோட்ல போகணும்னு இந்தப் புள்ளிகளை வெச்சுத்தான் போடப் போறோம். பேப்பர் லிஸ்ட் செல்லாது. புள்ளி இல்லாத வீட்டுக்கு லாரி கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஒரு கை வேர்க்கடலையை என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் வாசலில் நின்றிருந்த லாரியா என்னைப் பார்த்தாள். நம் கிராமத்து மருத்துவச்சி லாரியாவைத்தான் சொல்கிறேன், என்னோடு நான்காம் வகுப்பில் படித்தவள், இந்த ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவளுடையது. அவள் எதற்காகப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். தபோக்.

நீங்கள் ஊரை விட்டுப் போனபோது தபோக் குடியிருப்பு நம் கரையில்தான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டு தபோக்குக்கு இந்தப் பக்கமாக ஓட ஆரம்பித்தது. ஆனால் அரசாங்கப் படத்தில் ஆறு இன்னும் பழைய இடத்தில்தான் ஓடுகிறது. பழைய ஆறுதான் எல்லை என்று பக்கத்துக் கிராமக் கேப்டன் சொல்வார், அப்படியானால் தபோக் நம்முடையது. புது ஆறுதான் எல்லை என்று நம் கேப்டன் சொல்வார், அப்படியானால் தபோக் அவர்களுடையது. இரண்டு பேரும் இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே தபோக் மக்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனார்கள். என் சுவர்ப் படத்திலும் அங்கே குண்டூசி இல்லை, மனாங். இருந்த குண்டூசிகளைக் கேப்டன் சொல்லி நானே பிடுங்கினேன். போன புயலின்போது லாரி இந்தக் கரை வரை வந்து, பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அந்த வெள்ளத்தில்தான் மீனவர் குலாஸின் மனைவி சலோமே போய்விட்டாள். உங்களுக்கு நினைவிருக்கும், தேவாலயத்தில் எல்லாரையும்விட உரக்கப் பாடுவாளே, அவள்தான்.

ஆகவே லாரியா என்னிடம், "செல்மோ, நான் தபோக்குக்குப் போய் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு இடத்தை எண்ணுல எழுதிட்டு வரேன். நீ புள்ளி வை" என்றாள். ஒரு வாரம் பரிசலில் போய்வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்று, அது காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களையும், வீட்டுக்காரர் பெயரையும், எத்தனை பேர் என்பதையும், யார் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதையும் நோட்டில் எழுதினாள். முப்பத்தொரு வீடு, நூற்று முப்பத்தொன்பது பேர்.

நான் இந்தப் பக்கம் செருகுநிரலைத் தேடப் புறப்பட்டேன். மென்பொருளில் அதற்கென்று ஒரு சந்தையே இருக்கிறது, மனாங், நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. இஞ்சினியர் சொன்ன பெயர் மறந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று பதினான்கைப் போட்டுக்கொண்டேன். ஒன்று மரங்களின் உயரத்தை அளப்பது. ஒன்று எந்த நேரத்தில் எந்தச் சுவரின் நிழல் எங்கே விழும் என்று சொல்வது. ஒன்று பூமியை உருண்டையாக்கிச் சுற்றிக் காட்டிற்று. கேப்டனும் நானும் ஒரு பிற்பகல் முழுவதும் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாக்கோலோடில் உங்கள் மகள் வீட்டுக் கூரையைத் தேடினோம். கிடைத்தது கரும்பு ஆலை. கணினி அதற்குப் பிறகு ஒரு சொடுக்குக்கு ஒரு முறை பெருமூச்சு விட ஆரம்பித்தது.

கடைசியில் சரியானது அகப்பட்டது. அகப்பட்டதும் அது என்னிடம் கேள்வி கேட்டது. ஹோஸ்ட் யார் என்றது. கிராமத்தில் விருந்து என்றால் நம் கேப்டன் வீட்டில்தானே என்று 'ஒனோரியோ' என்று எழுதினேன். போர்ட் எது என்றது. உங்கள் படகு வந்து நிற்கும் துறையின் பெயரைப் போட்டேன். எண் மட்டும்தான் வேண்டும் என்றது. இரண்டாம் எண் படகுத்துறை என்பதால் இரண்டு என்று போட்டேன். இணைக்க முடியவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டிற்று. கடலில் அலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து மறுநாள் வரை காத்திருந்தேன். சிரிக்காதீர்கள். இஞ்சினியர் பெர்லிதாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் இருமல் சத்தம்தான் கேட்டது, வேர்க்கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். படத்தில், நகராட்சி ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த நம் கிராமத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் பச்சைப் புள்ளிகளாக ஒரே சமயத்தில் பூத்தன. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நம் அப்பா கட்டிய வீடு, உங்கள் வீடு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றைத் தையல்காரி வீடு, எல்லாம் அங்கே இருந்தன. அவை என் மேசையில் இல்லை, பதினொரு கிலோமீட்டர் தள்ளி நகராட்சியில் இருக்கின்றன என்பதை மட்டும் நான் நம்பவில்லை. கண்ணெதிரே இருப்பதை வேறெங்கோ இருக்கிறது என்றால் எப்படி நம்புவது? பின்னால் வந்த அவமானம் அத்தனைக்கும் அதுவே காரணம்.

திங்கட்கிழமை காலை லாரியாவின் நோட்டிலிருந்த முப்பத்தொரு வீடுகளையும் ஒரு பட்டியலாக அடித்து ஏற்றினேன். ஏற்றியாயிற்று என்று செய்தி வந்தது. தபோக்கைப் பார்த்தால் வெறும் மண். படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் முழுவதும் வந்தது, சீனா வந்தது, வட துருவம் வந்தது, வட துருவத்தையும் தாண்டி, உலகமே முடிந்துபோன வெள்ளை வெளியில், முப்பத்தொரு புள்ளிகள் ஒரு கொசுக் கூட்டம் மாதிரி நின்றன. காலைச் சோறு கொண்டுவந்த மிந்தா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஆத்துக்கு இந்தப் பக்கம் கொண்டு வான்னா, அவங்கள உலகத்துக்கே அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டியா? அங்க எந்த லாரி போகும் செல்மோ?"

"எங்கயோ ஒரு சின்ன தப்பு."

"இது சின்ன தப்பா? சொர்க்கத்துல இருக்கிறவங்க பார்த்தா யாரு நம்ம வாசல்லன்னு கேட்பாங்க."

முதல் எண்ணை இரண்டாவது கட்டத்திலும் இரண்டாவதை முதல் கட்டத்திலும் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் கேலி பண்ணப் பண்ண எனக்குப் படபடப்பு. அந்த முப்பத்தொன்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் இரண்டு விசைகளை இரண்டு விரலால் அழுத்தி, அழி என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. மிந்தா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஆண்பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வான்? ஆம் என்றேன். சேமிக்கவா என்றது. ஆம். எல்லாம் என்றால் எல்லாம், மனாங். உலகத்துக்கு வெளியே நின்றவர்கள் மட்டுமல்ல, உள்ளே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டும் போயிற்று. நம் கிராமம் முழுவதும் வெறும் நெல் வயலாயிற்று. என் கணினியில்தானே, அணைத்துப் போட்டால் வந்துவிடும் என்று அணைத்துப் போட்டேன். வரவில்லை. மாறாகத் தொலைபேசி வந்தது.

"செக்ரெட்டரி," என்றார் பெர்லிதா, முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "இங்க பெரிய திரையில மேயருக்குக் காட்டிட்டிருக்கேன். கவாயனான் எங்க?"

"இங்கதான் இருக்கு இஞ்சினியர். ஜன்னல் வழியா தெரியுது."

"திரையில இல்ல."

"…நான்தான் அழிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"கோயிலையும் சேர்த்து."

மனாங், நான் எதிர்பார்த்தது வசவு. அவர் வையவில்லை. "காலையில எடுத்த நகல் இருக்கு, மதியத்துக்குள்ள திருப்பிப் போட்டுடுறேன். நீங்க எதையும் தொடாம போய் ஒரு காபி குடிங்க" என்றார். பதினொன்றே முக்காலுக்குப் புள்ளிகள் திரும்பி வந்தன. ஆனால் அதற்குள் மேயர் அலுவலகத்திலிருந்து யாரோ கேப்டனிடம் சொல்லி, கேப்டன் நாவிதர் கடையில் சொல்லி, நாவிதர் கடையில் தோதோங் இருந்து, தோதோங் படகேறி உங்களிடம் வந்துவிட்டான். கேப்டன் மன்றத்துக்குள் வந்தபோது பாதித் தலை மட்டும் வெட்டியிருந்தது.

"அந்தப் பெட்டிய இனிமே நீ தொடக் கூடாது. தபோக்காரங்கள ஏத்தப் போய்த்தானே இவ்வளவும்? அது பக்கத்து ஊரு ஆளுங்கன்னு எத்தனை தடவ சொல்றது? லாரி மூணுதான். அவங்கள நம்ம கணக்குல சேர்த்தா நம்ம ஜனங்களுக்கு இடம் எங்க இருக்கும்?"

"சரி கேப்" என்றேன். அதைத் தவிர நான் வேறென்ன சொல்லியிருக்கிறேன் பதினாறு வருடமாக?

செவ்வாய்க்கிழமை காலை வானொலியில் இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை. வியாழன் விடியலில் புயல் கரையேறும், நேராக நம் பக்கம்தான் என்றார்கள். நான் மன்றத்தின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். லாரியா வந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு பிடித்திருந்தாள்.

"வை செல்மோ."

"கேப்டன் தொடக் கூடாதுன்னுட்டாரு."

அவள் வாதாடவில்லை. நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். "ஒண்ணாவது வீடு, நிக்கோலாஸ் குலாஸ், ஒரு ஆள். ரெண்டாவது, மரிசெல், எட்டு மாசம், வீட்டுல நாலு பேர். மூணாவது…" ஏழாவது வரை பொறுத்தேன். ஒரு ஆள் என்று அவள் வாசித்த அந்த முதல் வீட்டில் முன்பு இரண்டு பேர் இருந்தார்கள் என்பதும், அந்தக் குண்டூசியைப் பிடுங்கிய கை இதுதான் என்பதும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன்.

இந்த முறை எண்கள் சரியான கட்டத்தில். ஆனால் முதல் வீட்டைச் சேமிக்கப் போனால் மறுக்கிறது. 'எந்தக் கிராமம்' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். நம் கிராமம் என்று போட்டால் கேப்டன் என்னைத் தின்றுவிடுவார். பக்கத்துக் கிராமம் என்று போட்டால் அவர்கள் கேப்டன் காலையிலேயே அழித்துவிடுவார். பெர்லிதாவை அழைத்தேன். பின்னால் பத்துத் தொலைபேசிகள் ஒலிக்கும் சத்தம்.

"இஞ்சினியர், எந்த ஊருன்னு போடணும்? ரெண்டு பேருமே வேணாங்கறாங்க."

"எத்தனை பேரு இருக்காங்க?"

"நூத்து முப்பத்தொன்பது."

"ஒரு நிமிஷம் இருங்க. போனை வைக்காதீங்க." தட்டச்சு சத்தம் கேட்டது. "இப்ப அந்தக் கட்டத்தை மறுபடி திறந்து பாருங்க."

திறந்தேன். மாகாணத்தில் காலங்காலமாக இருக்கும் கிராமங்களின் பெயர்களுக்கெல்லாம் கீழே, கடைசியில், ஒரு நிமிடத்துக்கு முன் இல்லாத ஒரு புது வரி இருந்தது: 'எல்லை இன்னும் தீரவில்லை'. மனாங், ஓர் எல்லைத் தகராறு தீருவதற்குள் மனிதர்கள் ஏறி உட்கார ஒரு இடம் செய்து கொடுத்துவிட்டார் அந்தப் பெண், அதுவும் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு. வீடுகள் என் மேசையில் இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. லாரியா வாசிக்க வாசிக்க நான் வைத்தேன். முப்பத்தொன்று. எல்லாம் சிவப்பாக விழுந்தன. முப்பத்தொன்றாவதைச் சேமித்ததும் லாரியா நாற்காலியில் சாய்ந்து, "என் கால் விறைச்சுப் போச்சு, காபி இருக்கா?" என்றாள்.

காபி வருவதற்குள் கேப்டன் வந்தார். நகராட்சியிலும் அவருக்குச் சேதி சொல்ல நாவிதர் கடை மாதிரி ஓர் ஆள் இருக்கிறார்.

"செல்மோ! நான் என்ன சொன்னேன்?"

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்க கேப். தொட்டுட்டேன்."  கணினிக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். "வேணும்னா செயலாளர் வேலையை எடுத்துக்கங்க. புள்ளிய எடுக்க மாட்டேன். போன தடவை பிடுங்கினது போதும்."

கேப்டன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் லாரிகளின் பாதை மாறிற்று. பெர்லிதா அங்கே கணக்கை மறுபடி ஓட்டியிருக்கிறார். இதுவரை நம் மூன்று லாரிகளும் இந்தக் கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது நான்காவதாக ஒரு நீலக் கோடு ஆற்றின் மேல்பகுதிப் பாலம் வழியாக வந்து, பக்கத்துக் கிராமத்துக்குள் புகுந்து தபோக்கில் முடிந்தது. கேப்டன் குனிந்து பார்த்தார்.

"இது யாரு லாரி?"

"பக்கத்து ஊரு லாரி கேப். அவங்களுக்கு ஒண்ணு மிச்சம் இருந்திருக்கு. பாலம் அந்தப் பக்கம்தானே. நம்ம மூணுலயும் கை வைக்கல."

கேப்டன் முகம் மாறிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அந்த ஊர் கேப்டன் வண்டியா? அவன் வந்து தபோக்க காப்பாத்துறதா? நாளைக்கு மேயர்கிட்ட நின்னு நான்தான் தூக்கிட்டு வந்தேன்னு போட்டோ எடுத்துக்கவா? அந்த ஜனங்க நம்ம ஞானஸ்நானம் வாங்கினவங்க! நம்ம கோயில்ல கல்யாணம் பண்ணவங்க! செல்மோ, கூட நம்ம ஆளு போகணும். நான் போறேன். நீயும் வா." எட்டு வருடம் தள்ளிக்கொண்டே இருந்த மனிதர் எட்டு நொடியில் உரிமை கொண்டாடினார். லாரியா காபிக் கோப்பைக்குள் சிரித்துக்கொண்டாள். எதனால் மனம் திரும்பினால் என்ன, மனாங், திரும்பியதே.

புதன் மத்தியானம் மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த லாரியில் கேப்டன், லாரியா, மடிக்கணினியை அரிசிச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு நான். தபோக்கில் முப்பது வீடும் மூட்டையோடு வாசலில் தயாராக நின்றன, மூன்று நடையில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினோம். முதல் வீடு மட்டும் நகரவில்லை. குலாஸ் திண்ணையில் உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெரிய பெண் பன்றி.

"நோங் குலாஸ், ஏறுங்க அண்ணே" என்றேன்.

"போன தடவை என் பேரு லிஸ்ட்ல இல்லன்னாங்க. இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

 சாக்கை அவிழ்த்து, குடைக்கு அடியில் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். முன்கூட்டியே எல்லாவற்றையும் இதற்குள் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன், அந்த அளவுக்குத் தேறிவிட்டேன். "பாருங்க. இது ஆறு. இது புளியமரம். இதுதான் உங்க வீடு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதாவா இருக்கேன்?"

"எல்லாரும் அவ்வளவுதான் நோங். கேப்டன் வீடும் அதே அளவுதான்."

"அப்படியா?" அது அவருக்குப் பிடித்திருந்தது. கேப்டனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலால் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டார். "சலோமே?"

லாரியா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில், அவர் பெயருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் 'மனைவி சலோமே, போன வெள்ளத்தில்' என்று அவள் எழுதி வைத்திருந்தாள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்ததால் நானும் அதை அப்படியே ஏற்றியிருந்தேன். சொடுக்கிக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு எழுந்து வலையைச் சுருட்டினார்.

"பன்னிய விட்டுட்டு வரமாட்டேன். அதுக்கும் பேரு போடு."

"பன்னிக்குக் கட்டம் இல்ல நோங்."

"அப்ப நானும் இல்ல."

மழை வலுத்தது. லாரிக்காரன் ஒலி எழுப்பினான். கடைசியில் மாண்புமிகு கேப்டன் ஒனோரியோ, பாதி வெட்டிய தலையோடு, பன்றியின் பின்னங்காலைப் பிடித்து லாரியில் ஏற்றினார். பன்றி அவர் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்தது. வழியில் பக்கத்துக் கிராமக் கேப்டன் பாலத்தருகே நின்று படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கியபோது நம் கேப்டன் நெஞ்சை நிமிர்த்திய நிமிர்த்தலில் அந்தக் கறை அழகாகப் பதிந்திருக்கிறது.

வியாழன் விடியலில் புயல் வந்தது. பள்ளிக்கூடத்துக் காரை மாடியில் எல்லாரும் ஒடுங்கிக் கிடந்தோம். காற்று கூரைகளைக் கிழிக்கும் சத்தத்தை எழுத எனக்கு வராது. பொழுது நன்றாக விடிந்து மழை விட்டதும் நானும் குலாஸும் கரைக்குப் போய்ப் பார்த்தோம். தபோக்கில் பத்தொன்பது வீடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீடும் அதில் ஒன்று.  அவர் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார், அங்கே மாடியில் பிள்ளைகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "எண்ணினியா?" என்றார். எண்ணினேன் என்றேன். நூற்று முப்பத்தொன்பது. எல்லாரும் இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மரிசெலுக்கு வலி எடுத்து, ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே லாரியா கையில் ஒரு பெண் குழந்தை விழுந்தது. நூற்று நாற்பது. அந்த எண்ணை மாற்றும்போது நான் அழுதேன் என்று மிந்தா சொல்லித் திரிகிறாள். கண்ணில் சுண்ணாம்புத் தூசி.

கோபுரம் எழும்வரை என் நகல் அரிசி லாரியில் நகராட்சிக்குப் போகிறது, இப்போது அங்கே எங்கே வீடு போயிற்று, எங்கே கூரை மட்டும் போயிற்று என்பதெல்லாம் அதே புள்ளிகளில் நிறமாகத் தெரிகிறது. அரிசியும் தகரமும் அதைப் பார்த்தே வருகின்றன. தபோக்குக்கும் வருகிறது. இரண்டு கேப்டன்களும் தபோக் தங்களுடையது என்று மேயரிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இஞ்சினியர் பெர்லிதா அந்தப் புது வரியை எடுக்க மறுத்துவிட்டார், "சண்டை முடியட்டும், அதுவரை அவங்க அங்க நல்லா இருக்காங்க" என்கிறார்.

உங்கள் வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தெற்குப் பக்கம் இரண்டு தகரம் மட்டும் பறந்தது, கண்டுபிடித்து அடித்துவிட்டேன். நீங்கள் பூட்டிய பூட்டு பூட்டியபடி, மாதா படம் மாட்டிய இடத்தில், ஓர் ஈ காக்கைகூட உள்ளே போகவில்லை. என்னைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த வயதில் ஒரு கிராமத்தை ஒரு முறை அழித்து ஒரு முறை காப்பாற்றியது போதுமென்று நேற்றே கேப்டனிடம் சொல்லிவிட்டேன். கணினியை உறை போட்டு மூடியாயிற்று. இனி என் வண்ணப் பென்சில்களோடு நிம்மதியாக இருப்பேன்.

மருமகனுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு முத்தம், சின்னவனுக்கு இரண்டு. முழங்காலுக்குச் சூடான தேங்காயெண்ணெய். நம் மாதா உங்கள் கூரையையும் படகின் அடிப்பலகையையும் தன் கையால் தாங்கிப் பிடிக்கட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
அன்செல்மோ

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் மிந்தா வாங்கிப் படித்துவிட்டு, "பூசைக்குப் போய்வந்த கையோட அக்காகிட்ட இப்படிப் புளுகலாமா?" என்று என் முன்னாலேயே நிற்கிறாள். ஆகவே திருத்தம். பூட்டை வெள்ளிக்கிழமையே உடைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன, மரிசெலும் கைக்குழந்தையும் உங்கள் கட்டிலில். மாதா படத்தை மட்டும் நகர்த்தவில்லை, அதன் கீழே தொட்டில் கட்டியிருக்கிறார்கள். கணினியை மூடியதும் பொய். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நாலு பேர் நடந்தே வந்து, எந்தப் பட்டியலிலும் இல்லாத தங்கள் வீடுகளையும் வைக்கச் சொல்லி வாசலில் காத்திருக்கிறார்கள், எத்தனை வீடு என்று அவர்களுக்கே தெரியவில்லை, லாரியா ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டுவிட்டாள். எனவே இதை வேகமாக முடிக்கிறேன். உங்கள் வீட்டுக்கு நேரே 'இருப்போர்' என்ற கட்டத்தில் காகிதப் பட்டியல் காலத்திலிருந்தே சுழியம் இருந்தது, நான்தான் போட்டேன், போடும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும். இப்போது உங்கள் புள்ளியில் பதினேழு. கிறிஸ்துமஸுக்கு வாருங்கள் மனாங், பதினெட்டு என்று மாற்றிவிடுகிறேன்.